தோட்டத்துப் பலாவில் வீணை: ஏகாண்டமா, ஒட்டா?

ஆனைமலையான்:
எங்கள் தோட்டத்தில் அப்புச்சி வைத்த பலாமரம் ஆடிக்காற்றில் சாய்ந்துவிட்டது. வைரம் பாய்ந்த கட்டை. தஞ்சாவூரில் கொடுத்து மகளுக்கு வீணை செய்யலாம் என்றிருக்கிறேன். ஒரே கட்டையில் குடையும் ஏகாண்டத்தில்தான் நாதம் என்கிறார் பாட்டு டீச்சர். தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் ஒட்டு வீணையே போதும் என்கிறான் தம்பி. விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.

பேரூர் வைணிகர்:
ஏகாண்டமே செய்யுங்க. உருண்டையான குடம், நீண்ட கழுத்தான தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் மூன்றும் ஒரே மரமாக இருந்தால் அதிர்வு எங்கும் தடைபடாது. ஒட்டில் கொஞ்சம் வீணாகும், மீட்டிய சுரம் நீண்டு ஒலிக்கும் கார்வை குறையும். அதோடு நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் முதலில் வாய் பிளப்பது ஒட்டுதான்.

நொய்யல்கரை:
ஐயா, இதை ஒப்புக்கொள்ள முடியவில்லைங்க. ஏகாண்டத்திலும் குடத்தை மூடும் மேல்பலகை தனித் துண்டுதானே? தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்பது அதன்மேல். தந்தியின் அதிர்வு முதலில் இறங்குவதும் அங்கேதான். பலகை தடித்துப் போனால் மற்றதெல்லாம் ஒரே மரமாக இருந்து என்ன பிரயோசனம்?

குதிரைமேல் இருக்கும் தகட்டைக் கிட்டப் போய்ப் பாருங்க. தட்டையாக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவில் படிந்து படிந்து விலகும். தந்தியைச் சரிபாதியில் மீட்டினால் அடிச்சுரத்தைப்போல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்பூராவிலும் அந்த விதி செல்லவில்லை என்று சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். காரணம் அந்த வளைவு. நாதத்தின் செழுமை, அரத்தால் ராவி அந்த வளைவை அமைப்பவர் கையில் இருக்கிறது.

பேரூர் வைணிகர்:
குதிரை முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லையே. தகடு தேய்ந்தால் சீர் செய்யலாம். மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு இளகினால், 24 மெட்டையும் சுரம் பார்த்துப் பதித்து மறுபடி மேளம் கட்டலாம். மரத்தை மாற்ற முடியுமா?

நொய்யல்கரை:
காதை மட்டும் நம்பிச் சோதிக்கணுங்க. எந்தக் கருவி என்று தெரியாமல் வாசித்த தேர்ந்த வயலின் கலைஞர்கள், பழைய இத்தாலிய வயலின்களைவிடப் புதியவற்றையே பெரும்பாலும் விரும்பினார்கள். 2012-லும் 2014-லும் ஆய்வுகள் வந்தன.

பேரூர் வைணிகர்:
வயலின் எப்போதுமே ஒட்டிச் செய்வது. அங்கே ஒப்பிட்டது பழசையும் புதுசையும். நம் கேள்வி அதுவல்ல.

கொல்லிமலைத் தச்சன்:
முதலில் கட்டையைக் காப்பாற்றுங்க. இரண்டு முனையிலும் இன்றைக்கே பெயின்ட் பூசி, தரையில் படாமல் நிழலில் போடுங்க. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அடிமரத்தின் மையத்தில் ஓடும் நடுக்குருத்தை உள்ளே வைத்துக் குடைந்தால் காயும்போது அங்கிருந்து வெடிக்கும். அதை ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கத்தில் குடத்தின் அகலமும் ஆழமும் கிடைக்கிறதா என்று அளங்க. கிடைக்காவிட்டால் ஏகாண்டம் என்ற பேச்சே இல்லை.

ஆனைமலையான்:
அடிமரம் என் இரண்டு கைக்கும் அடங்காதுங்ணா. ஒரு பக்கம் மட்டும் கிளை பிரிந்த முண்டு இருக்கிறது.

நொய்யல்கரை:
முண்டை விட்டுடுங்க. நேராக ரேகை ஓடும் துண்டை மேல்பலகைக்கென்று இப்போதே தனியாக எடுத்து வையுங்க.

பேரூர் வைணிகர்:
அதில் எனக்கு மறுப்பில்லை. அகலம் கிடைத்தால் ஏகாண்டம்தான்.