அப்பாவின்ர மேளச்சமா சீடி ஏழாவது றைக்கில நிண்டுபோகுது, ஆராவது உதவுங்கோ

அளவெட்டி_மகள்:
வணக்கம். 2003ல எங்கட கோயில் திருவிழாவில அப்பா நாதஸ்வரம் வாசிச்ச சமா ஒரு சீடியில கிடக்கு, ரவுணில ஒரு ஸ்ரூடியோவில எழுதித் தந்தது, வேற கொப்பி இல்லை, அப்பாவும் இப்ப இல்லை. என்ர லப்டொப்பில சீடி போட இடமில்லாததால யூஎஸ்பி டிரைவ் ஒண்டு வாங்கினனான். முதல்ல உள்ளுக்குக் கிடந்த ஒம்பது பைலையும் அப்பிடியே இழுத்துக் கொப்பி பண்ணினன், ஒவ்வொண்டும் ஒரு கேபிதான், சீடியை வெளியில எடுத்தாப் பிறகு ஒண்டும் பாடுதில்லை. பேந்து எக்சாக்ட் ஒடியோ கொப்பி எண்ட, சீடிப் பாட்டைப் பைலா எடுக்கிற மென்பொருளைப் போட்டன். ஆறு றைக் போச்சுது, ஏழாவதில அப்பா தோடி தொடங்கிற இடத்தில சிவப்புக் கட்டம் கட்டமா வந்து அரை மணித்தியாலமா நிக்குது. எடுத்தது சரியோ எண்டு அதில பாத்துச் சொல்லுற அக்கியூரேட்றிப் எல்லா றைக்குக்கும் 'டேட்டாபேஸில இல்லை' எண்டுது, அப்ப போன ஆறும் பிழையோ? பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லி வீட்டில சொல்லினம், பயமாக் கிடக்கு.

கோண்டாவில்_றேடியோ:
தங்கச்சி, பற்பசையைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு கேபி பைல் பாட்டில்லை, பாட்டு சீடியில எங்க தொடங்குது எண்டு காட்டிற சின்னக் குறிப்பு மட்டும்தான், அதுதான் பாடாதது. சீடியை லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, ஊசிக்குத்து மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா மேல்பக்கப் பூச்சு உரிஞ்சிட்டுது, தேய்ச்சு ஒண்டும் வராது. கனபேர் எழுத்துப் பக்கத்தைக் கவனிக்கிறேல்லை, பூச்சு அந்தப் பக்கத்தில மெல்லிசான வார்னிஷுக்குக் கீழதான் இருக்கு, அங்க கீறினா முடிஞ்சுது. கீழ்ப்பக்கத்தை ஈரமான மெல்லிய துணியால நடுவில இருந்து விளிம்புக்கு நேரா துடையுங்கோ, வட்டமாத் துடைக்காதேங்கோ. சீடி உள்ளுக்க இருந்து வெளியாலதான் வாசிபடும், ஏழாவது றைக் விளிம்புப் பக்கம் வரும், கையும் அங்கதான் கனக்கப் பட்டிருக்கும்.

புலோலி75:
அக்கியூரேட்றிப்பை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ. மற்ற ஆக்கள் றிப் பண்ணின, அதாவது பைலா எடுத்த, சீடியளோடதான் அது ஒப்பிட்டுப் பாக்கும், உங்கட அப்பாவின்ர சீடி உலகத்தில ஒண்டுதான், அது எப்பிடி அங்க இருக்கும்? அதுக்குப் பதிலா டெஸ்ட் அண்ட் கொப்பி குடுங்கோ, ரெண்டு தரம் வாசிக்கும், வாசிச்ச ஒலியில இருந்து கணக்குப் போட்டு வாற ரெண்டு சிஆர்சி நம்பரும் ஒண்டா வந்தா அந்த றைக்கை நம்பலாம். அரை மணித்தியாலம் நிக்கிறதும் பழுதில்லை. ஒரு செக்கன் ஒலி 75 துண்டாத்தான் சீடியில கிடக்கு, சிகியூர் மோட் எண்ட கவனமா வாசிக்கிற முறையில ஒவ்வொரு துண்டையும் குறைஞ்சது ரெண்டு தரம் வாசிக்கும், ஒத்து வராட்டி திரும்பத் திரும்ப 82 தரம் வரைக்கும் போகும்.

நான் உங்கட இடத்தில இருந்தா முதல் டிரைவைத்தான் மாத்துவன். ஒரு டிரைவ் திக்கிற சீடியை இன்னொண்டு சுகமா வாசிக்கும், என்ர அனுபவத்தில பழைய டெஸ்க்டொப்பில இருக்கிற பெரிய டிவிடி ரைட்டர்தான் நல்லது. உந்த மெல்லிய யூஎஸ்பி டிரைவுகளுக்குச் சிலவேளை ஒரு போர்ட்டின்ர கரண்ட் காணாது, என்ர ஒண்டு அரைவாசியில நிண்டு நிண்டு வந்து, ரெண்டு தலை வயரால ரெண்டு போர்ட்டிலயும் குத்தினாப் பிறகுதான் சரியா ஓடினது. ஸ்பீட்டையும் குறைச்சு வையுங்கோ. சமா எண்டா இடைவெளி இல்லாமல் ஓடும், றைக் றைக்கா எம்பி3 ஆக்கினா ஒட்டிற இடத்தில சின்னதா வெட்டுப்படும், தவில் தனி போற நேரம் அது காதில குத்தும். அதால முழுச் சீடியையும் ஒரே பைலா, எந்த றைக் எங்க தொடங்குது எண்டு காட்டிற க்யூ ஷீட்டோட எடுத்து, ஃபிளாக் எண்ட பைல் வகையில வையுங்கோ, ஒலி ஒரு துளியும் குறையாது, இடமும் பாதியளவுதான் பிடிக்கும்.

அளவெட்டி_மகள்:
அண்ணை, கோடி நன்றி. மாமா வீட்டில பழைய டெஸ்க்டொப் ஒண்டு தூசு பிடிச்சுக் கிடந்தது, அதில போட்டு ஸ்பீட்டையும் குறைச்சு விட்டன், விடிய விடிய ஓடினது. எட்டு றைக் ரெண்டு நம்பரும் ஒண்டு. ஏழாவது மட்டும் ஒத்து வரேல்லை, சந்தேகம் எண்டு ஒரு இடம் காட்டினது, கேட்டுப் பாத்தன், தவில் சேருறதுக்குச் சரியா முன்னால 'டிக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

புலோலி75:
அது பெரிய வெற்றி பிள்ளை. இப்ப வந்த பைலை அப்பிடியே ரெண்டு இடத்தில வையுங்கோ, அதில கை வைக்காதேங்கோ. வேற ஒரு கொப்பி எடுத்து ஓடாசிட்டி எண்ட ஒலி திருத்திற மென்பொருளில அந்த டிக்கை மட்டும் நல்லாப் பெருப்பிச்சுத் தெரிவு செய்து ரிப்பேர் குடுங்கோ, ஒரு தரத்தில 128 சாம்பிள், அதாவது ஒலியின்ர மிகச் சின்னப் புள்ளியள், மட்டும்தான் அது எடுக்கும், ஒரு டிக்குக்கு அது பெரும்பாலும் காணும்.

அளவெட்டி_மகள்:
செய்தன், டிக் இல்லாமப் போச்சுது. அம்மா இப்பவே கேக்கவேணும் எண்டு நிக்கிறா, போனுக்கு மாத்திக் குடுத்திட்டன்.