ஒரே கடை, ஒரே பிஸ்தா. ஒரு நாள் வழுவழு, ஒரு நாள் நறநற. ஏன்?

மாலைநடை:
ஆபீஸ் விட்டு வரும் வழியில், கடைத்தெரு நடுவில் ஒரு ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. அடிக்கடி போவேன், பெரும்பாலும் பிஸ்தாதான். வாரநாளில் போனால் வாயில் வைத்ததும் கரைகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனால் அதே பிஸ்தா நாக்கில் பொடி ஐஸாக நறநறக்கிறது, கோனைக் கையில் வாங்குவதற்குள் ஒழுகவும் ஆரம்பித்துவிடுகிறது. கவுன்ட்டரில் கேட்டால் "எல்லாம் ஒரே சரக்குதான் சார்" என்கிறார்கள். பொய் சொல்கிற மாதிரியும் தெரியவில்லை. கூட்டம் அதிகமான நாளில்தானே சரக்கு சீக்கிரம் விற்றுப் புதுசாக இருக்க வேண்டும்?

இன்னொன்று. ருசி பார்க்க ஒரு ஸ்பூன் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கேட்கக் கூடாதா?

பழைய ஸ்கூப்பர்:
படிக்கிற காலத்தில் இந்த மாதிரி ஒரு கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன். கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சரக்கு ஒன்றுதான், அது பட்ட பாடு வேறு.

ஐஸ்கிரீமில் தண்ணீர் மிகச் சின்ன ஐஸ் படிகங்களாக உறைந்திருக்கும். சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அளவுக்குள் இருக்கும்வரை நாக்குக்குத் தெரியாது. கொஞ்சம் சூடேறினால் குட்டிப் படிகங்கள் உருகிவிடும். மறுபடி குளிரும்போது அந்தத் தண்ணீர் புதிய குட்டிப் படிகமாக ஆவதில்லை, ஏற்கெனவே இருக்கும் பெரிய படிகங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சூடேறுவதும் குளிர்வதும் திரும்பத் திரும்ப நடந்தால் நறநறதான். தொழிலில் இதை ஹீட் ஷாக் என்பார்கள்.

இனி கடைக்கு வருவோம். உள்ளே இருக்கும் ஸ்டோரேஜ் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே. அந்தக் குளிரில் ஸ்கூப் இறங்காது, கை வலிக்கும். அதனால் முன்பக்க ஷோகேஸை அதைவிடச் சில டிகிரி கூட்டியே வைப்பார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் அதன் மூடி மூடியபடி இருப்பதே இல்லை. கல் மாதிரி இருக்கும் புது டப்பை இளகட்டும் என்று வெளியே எடுத்து வைப்பார்கள், யாராவது கூப்பிட்டால் அது அப்படியே கிடக்கும். கடை சாத்தியதும் மிச்சமெல்லாம் உள்ளே போய் மறுபடி இறுகும். சனிக்கிழமை கெட்டதைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

கூட்டம் வந்தால் சரக்கு புதுசாக இருக்கும் என்ற உங்கள் கணக்கு வெனிலாவுக்கும் சாக்லேட்டுக்கும் சரி. அந்த டப் கெடுவதற்குள் காலியாகிவிடும். நான் வேலை பார்த்த கடையில் பிஸ்தா அந்த வேகத்தில் போகாது. பாதி டப்பாகவே நின்று எல்லா அடியையும் வாங்கும். கூட்ட நாளில் கூட்டம் கேட்கும் ஃப்ளேவரை வாங்குங்கள், பிஸ்தாவை வாரநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் சொல்வதற்கு முன் டப்பை ஒரு பார்வை பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறதா, ஐஸ்கிரீம் டப்பின் சுவரைவிட்டு உள்வாங்கியிருக்கிறதா, மேலே கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறதா? அப்படியானால் அது இளகி இறுகியது. சில கடைகளில் அழகுக்காகத் தட்டின் விளிம்புக்கு மேலே குன்றாகக் குவித்து வைப்பார்கள். அந்த உச்சிக்குச் சரியாகக் குளிர் போகாது. எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது.

ஸ்பூன் தாராளமாகக் கேளுங்கள். ஒன்றிரண்டுக்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பின்னால் வரிசை நிற்கும்போது எட்டு வகை ருசி பார்த்துவிட்டுக் கடைசியில் "வெனிலாவே கொடுங்க" என்பவர்களைத்தான் நாங்கள் உள்ளே போய்த் திட்டுவோம்.

ரெண்டு வாண்டுகளின் அம்மா:
ஸ்கூப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் சின்னவனுக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கை கழுவி, வேறு ஸ்கூப் எடுத்து, பிரிக்காத வெனிலா டப்பைக் கொண்டுவந்து திறந்தாள். இன்னொரு கடையில் பிஸ்தா எடுத்த அதே ஸ்கூப்பை, பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஒரு முக்கு முக்கி, "கழுவியாச்சு மேடம்" என்றார்கள். வாங்காமல் வந்துவிட்டேன், பையன் வழியெல்லாம் அழுதான். ஓடுகிற தண்ணீர்தானே என்று வீட்டில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

பழைய ஸ்கூப்பர்:
நீங்கள் செய்ததுதான் சரி. அந்தத் தண்ணீர்த் தொட்டி ஸ்கூப்பில் ஒட்டியிருக்கும் ஐஸ்கிரீம் காய்ந்து கிருமி பெருகாமல் இருப்பதற்கு. அலர்ஜிக்கு அது கழுவினதாகக் கணக்கில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய ஸ்கூப், புது டப் இரண்டும் கேளுங்கள். தயாரிக்கும் இடத்திலேயே கலந்திருக்க வாய்ப்புண்டு, டப்பின் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்டு எரிச்சல்படும் கடைக்கு மறுபடி போகவே வேண்டாம்.

எடைக்கல்:
படிகம் இருக்கட்டும் ஐயா, காற்றைப் பற்றி யாரும் பேசக் காணோமே. ஸ்கூப் பெரிசாகத் தெரிகிறது, கையில் எடையே இல்லை. காற்றை விற்றுக் காசு பண்ணுகிறார்கள்.

பழைய ஸ்கூப்பர்:
பாதி உண்மை. காற்றே இல்லாவிட்டால் அதை ஸ்கூப்பால் எடுக்க முடியாது, உளிதான் வேண்டும். கேள்வி எவ்வளவு என்பதில். இதற்கு ஓவர்ரன் என்று பெயர். 100 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் ஆகிறது, அதாவது பாதி காற்று. கெட்டியான, விலை கூடிய வகைகளில் இது பெரும்பாலும் 50 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரே அளவு டப் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மாலைநடை:
நேற்று எட்டிப் பார்த்தேன். பிஸ்தா டப்பின் ஓரமெல்லாம் பனி, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு உள்வாங்கல். சாக்லேட் வாங்கினேன், குறையில்லை. ஆனால் வீட்டுக்கு வாங்கிப் போகும் பெட்டியும் இரண்டாம் நாளே நறநறக்கிறதே, அதற்கும் கடைதான் காரணமா?

பழைய ஸ்கூப்பர்:
அது பெரும்பாலும் வழியில் நடப்பது. மற்ற வேலையெல்லாம் முடித்துக் கடைசியாக வாங்குங்கள், குளிர் தாங்கும் பை இருந்தால் கொண்டுபோங்கள். வீட்டில் ஃப்ரீசர் கதவு ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். பெட்டியோடு மேஜைக்குக் கொண்டுவந்து அரட்டை அடிக்காமல், வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.