இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு ஆள்: மூன்று மாதத்துக்கா, ஒரு வருடத்துக்கா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 77 வயது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி 6 நாள். விழும்வரை எல்லா வேலையும் அவரே செய்துகொள்வார். இப்போது ராத்திரியில் ஆள் தெரியாமல் பேசுகிறார். ஒரு வருடத்துக்குப் பேசினால் 24 மணி நேர ஆளுக்கு மாதத் தொகை குறையும் என்கிறது ஏஜென்சி. ஒத்துக்கொள்ளலாமா? வீட்டில் இந்தியன் டாய்லெட்தான்.

பிசியோ_திருச்சி:
இப்போ வருஷக் கணக்குக்குக் கையெழுத்துப் போடாதீங்க. ஆறாம் நாள்ல யாரைப் பார்த்தாலும் காலத்துக்கும் ஆள் வேணும்னுதான் தோணும். பார்க்க வேண்டியது விழறதுக்கு முந்தின நிலைமை. குளியல், உடுத்துறது, கழிப்பறை, எழுந்து நடமாடுறது, மலஜலக் கட்டுப்பாடு, சாப்பாடு, இந்த ஆறும் தானே பார்த்துக்கிட்டவங்கன்னா 12 வாரத்துக்குப் பேசுங்க. 6வது வாரம் நிலைமையைப் பார்த்து நேரத்தைக் குறைக்கலாம்.

ராத்திரிக் குழப்பத்தை மறதி நோய்னு முடிவு கட்ட வேண்டாம். இந்த வயசுல ஆபரேஷனுக்கு அப்புறம் அடிக்கடி வர்றதுதான். பெரும்பாலும் சில நாள்ல, சிலருக்குச் சில வாரத்துல தெளியும். ஆனா டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. மூத்திரத் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை எல்லாமே இதைக் கிளப்பும். கண்ணாடி, காது மெஷின் இருந்தா போட்டுவிடுங்க.

குறுகிய காலம் நீண்ட காலமா மாறுறதுக்கு முக்கியக் காரணம், வர்ற ஆள் பாசத்துல எல்லாத்தையும் செஞ்சு கொடுக்கிறது. எழுப்பி, தூக்கி, ஊட்டிவிட்டா தொடைத் தசை கரைஞ்சிடும். "தூக்க வேண்டாம், பக்கத்துல நில்லுங்க"ன்னு முதல் நாளே சொல்லணும். நடக்கும்போது முதல்ல வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியா நல்ல கால்.

வார்டு_சிஸ்டர்:
குத்த வைத்து உட்காரவே கூடாது, மூட்டு நழுவிடும். தரையில் உட்காருவது, தாழ்ந்த சோபா, கால் மேல் கால் போடுவது எதுவும் வேண்டாம். எத்தனை வாரம் என்று சர்ஜனிடம் கேளுங்கள். பெரும்பாலும் 6 முதல் 12. உட்காரும் இடம் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கணும்.

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ படித்த) நர்ஸை வீட்டோடு வைக்கத் தேவையில்லை. தையல் பிரிப்பது 10–14 நாளில் முடிந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதியிருந்தால், ஒரு நர்ஸ் தினமும் வந்து போட்டுவிட்டுப் போனால் போதும். யூரின் டியூப், மூக்குக் குழாய், படுக்கைப் புண் இருந்தால் கணக்கு வேறு.

24 மணி நேர ஆளும் தூங்கியாகணும், இதை யாரும் யோசிப்பதில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுப்ப வேண்டியிருந்தால் 12 மணி நேர ஷிப்ட் இரண்டாகப் போடுங்கள். இல்லையென்றால் விடியற்காலை அந்த ஆள் அசந்து தூங்கும்போது அம்மா தனியாக எழுந்து மறுபடி விழுவார்.

கணக்குப்பிள்ளை:
எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆள் லீவு போட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், பாதியில் நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ், அட்வான்ஸ் திரும்புமா, சாப்பாடு யார் பொறுப்பு. அந்த வருடச் சலுகை பெரும்பாலும் நோட்டீஸ் விதியிலேயே காலியாகிவிடும். ஆதார் நகல் வாங்குங்கள், நகையை லாக்கரில் வையுங்கள். மெடிக்கல் இன்சூரன்ஸில் அட்டெண்டர் சம்பளம் பொதுவாகக் கிடைக்காது.

பிசியோதெரபிக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. 12 வாரத்துக்கே பேசுகிறேன். அதற்குப் பிறகும் ஆள் தேவை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கமோடு சேர் வாங்குவதா, வாடகையா?

பிசியோ_திருச்சி:
12 வாரம் கழிச்சும் படுக்கையிலிருந்து எழவோ கழிப்பறை போகவோ ஒருத்தர் கை வேணும்னா, இல்ல மாத்திரையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டா, அப்போ நீண்ட காலத்துக்குப் பேசுங்க. கமோடு சேரை வாங்கிடுங்க, அவங்க மறுபடி இந்தியன் டாய்லெட்டுக்குப் போகப்போறதில்லை. உயரம் மாத்துற கால், அடியில ரப்பர் புஷ் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சக்கரம் வெச்சது வேண்டாம், உட்காரும்போது நகர்ந்துடும்.