காது கேளாத கைதிக்கு ஜெயிலில் வீடியோ போன் எதற்கு?

கைப்பேச்சு:
காது கேளாத கைதிக்கு வீடியோ போன் வேண்டும் என்று வேறொரு திரியில் சொன்னேன். "கைதிக்கு வீடியோ காலா, அப்படியே ஏசியும் போட்டுக் கொடுங்கள்" என்று சிரித்தார்கள். அதனால் தனித் திரி.

விஷயம் இதுதான். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2022 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டது. சராசரியாக 50 கைதிகளோ அதற்கு மேலோ இருக்கும் சிறை நிர்வாகங்களில், பிராட்பேண்ட் கிடைக்கும் இடமானால், சிறைக்கு போன் சேவை தரும் கம்பெனிகள் காது கேளாதவர்களுக்கு வீடியோ போன் வசதி தர வேண்டும். கெடு 2024 ஜனவரி 1. அது தேவையே இல்லை என்பவர்களுக்கு என் கதை.

என் மச்சினன் அமெரிக்காவிலேயே பிறந்தவன், பிறவியிலேயே காது கேட்காது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் நான்கு மாதம் இருந்தான். என்ன வழக்கு என்பது இங்கே வேண்டாம். பக்கத்து செல்காரர்கள் எல்லாம் தினமும் சுவரில் இருக்கும் போனை எடுத்து வீட்டில் பேசினார்கள். இவனுக்குக் கொடுத்தது டிடிஒய் என்கிற பழைய தட்டச்சு டப்பா. அதில் பேச வேண்டுமென்றால் எதிர்முனையிலும் அதே டப்பா இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏது? நான்கு மாதமும் என் மாமியார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவரொட்டி:
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். எதிர்முனையில் டப்பா இல்லையென்றால் நடுவில் ஓர் ஆள் படித்துச் சொல்லும் சேவை இருக்கிறதே? கடிதமும் எழுதலாம். உங்கள் மச்சினன் அங்கே பள்ளியில் படித்தவர்தானே, ஆங்கிலம் எழுதத் தெரியாதா? ஜெயில் என்றால் சில வசதிகள் குறையும், அதுதான் தண்டனை. எல்லாருக்கும் குறைகிறது, அவருக்கும் குறைகிறது.

கைப்பேச்சு:
படித்தவன்தான். ஆனால் அமெரிக்க சைகை மொழி என்பது ஆங்கிலத்தைக் கையால் காட்டுவதல்ல. அதற்குத் தனி இலக்கணம். முகம், புருவம், தோள், கை போகும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு வாக்கியம். பிறவியிலேயே காது கேளாதவனுக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, அதுவும் காதால் கேட்டே இராத மொழி. நம்மில் பலர் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவோம். அம்மாவிடம் அழ வேண்டுமென்றால் ஆங்கிலத்திலா அழுவோம்?

அந்த டப்பாவைப் பற்றியும் சொல்கிறேன். காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல் போன் லைன் வழியாகத் தட்டச்சு அனுப்ப வழி கண்டார். அன்றைக்கு அது விடுதலை, மறுக்கவில்லை. ஒருவர் அடித்து முடித்ததும் 'ஜிஏ' என்று அடிக்க வேண்டும், அதாவது 'இனி நீ'. அப்புறம்தான் மற்றவர் தொடங்கலாம். குறுக்கே பேச முடியாது, 'ம்' கொட்ட முடியாது. அதிகபட்சம் நிமிடத்துக்கு 60 சொல். பாதி ஜெயில்களில் இணைய வழி போனுக்கு மாறிவிட்டார்கள், அதில் எழுத்துகள் உதிர்ந்து குப்பையாக வரும். நடுவில் ஆள் வைத்தாலும் இதே கதைதான். 15 நிமிட அழைப்பில் 'சாப்பிட்டாயா' என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

சுவரொட்டி:
மொழி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்ததற்கு வருவோம், பாதுகாப்பு. ஜெயில் போனைப் பதிவு செய்கிறார்கள், தேவைப்பட்டால் கேட்கிறார்கள். சாட்சியை மிரட்டுவது, வெளியே ஆள் அனுப்புவது எல்லாம் போனில்தான் நடக்கிறது. சைகையில் பேசினால் எந்த வார்டருக்குப் புரியும்?

கைப்பேச்சு:
நாளைக்கே டெக்சாஸ் ஜெயிலிலிருந்து ஒரு தமிழன் வீட்டுக்கு போன் போட்டு, திருநெல்வேலித் தமிழில் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வார்டருக்குப் புரியும்? அதற்காக 'நீ இங்கிலீஷில் டைப் அடி' என்று டப்பாவைக் கொடுப்பார்களா? பதிவு செய்து வைப்பார்கள், சந்தேகம் வந்தால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சைகைக்கும் அதே வழி. வீடியோ பதிவாகிறது, பிறகு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை வக்கீல்:
இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. வட கரோலினாவின் பட்னர் மத்தியச் சிறை வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த காது கேளாத ஒருவர், மற்றொரு காது கேளாதவரோடு நேரடியாக வீடியோவில் சைகை பேச அனுமதி கேட்டார். சிறைத்துறை மறுத்தது, காரணம் பாதுகாப்பு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2021இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மறுப்பு பேச்சுரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. முன்அனுமதி பெற்ற எண்கள் மட்டும், ஆள் நின்று பார்ப்பது, பதிவு செய்வது என்று ஆபத்தைக் குறைக்க வழிகள் இருக்கும்போது முழுத்தடை எதற்கு என்பதுதான் வாதத்தின் சாரம்.

மாநிலச் சிறைகளுக்கு வேறு வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மாநிலச் சிறைகளுக்கும் பொருந்தும் என்று 1998லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதி ஸ்காலியா. கைதிகளுக்குச் செல்லம் கொடுக்கிற ஆள் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள்! விர்ஜீனியா 2010இல் ஒரு வழக்கைச் சமரசமாக முடித்து வீடியோ போன் வைத்தது. மிச்சிகன் விடாமல் வாதாடி 2018இல் தோற்றது.

கேபிள் குமார்:
நான் இந்தத் தொழிலில் இருப்பவன். ஜெயில்களுக்கு டேப்லெட்டும் கியாஸ்க் என்கிற திரைப்பெட்டியும் மாட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சுவரொட்டி கேட்காமல் விட்ட கேள்வி பணம். சைகை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் திரையில் தோன்றி, மறுமுனையில் காது கேட்கும் ஆளிடம் வாயால் சொல்கிறாரே, அந்த ரிலே சேவையில் ஜெயிலுக்கு நிமிடச் செலவு எதுவும் கிடையாது. தொலைத்தொடர்பு கம்பெனிகள் கட்டும் தேசிய நிதியிலிருந்து போகிறது. சுற்றி வளைத்து உங்கள் போன் பில்லிலிருந்துதான். ஜெயிலுக்குச் செலவு என்றால் ஒரு திரை, நல்ல லைன், ஒரு மூலை. பிறகு ஏன் இழுக்கிறார்கள்? சாதாரண போனில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பல ஜெயில்களுக்கு கமிஷன் வந்து பழக்கம். ரிலே காலுக்குக் கைதியிடம் காசு வாங்கக் கூடாது, அதனால் கமிஷனும் இல்லை. அந்த மூலையில் வைக்கும் திரை அவர்களுக்கு வருமானமே தராத திரை. கமிஷனை நிறுத்தச் சொல்லி 2024இல் எஃப்சிசி ஆணை வந்தது, 2025இல் அதே ஆணையம் அதைத் தள்ளிப்போட்டது.

இன்னொன்று, வைப்பது வேறு, வேலை செய்ய வைப்பது வேறு. டேப்லெட்டைக் கையில் கொடுத்து 'பேசு' என்றால் அவர் எந்தக் கையால் பிடிப்பார், எந்தக் கையால் பேசுவார்? ஸ்டாண்ட் வேண்டும், இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை கேமராவில் தெரிய வேண்டும், பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. லைன் திணறினால் விரலால் எழுத்துக்கூட்டுவது முழுக்கக் குழம்பும். ஓர் இடத்தில் திரையைக் கவுன்சிலர் அறைக்குள் வைத்தார்கள். அவர் ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மற்றவர்களுக்கு இரவு பத்து வரை போன்.

சுவரொட்டி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், காசு வாங்கக் கூடாது என்று. அங்கேதான் எனக்கு உதைக்கிறது. உள்ளே எல்லாரும் நிமிடக் கணக்கில் காசு கொடுத்துப் பேசும்போது ஒருவருக்கு மட்டும் இலவசம் என்றால், அந்த ஆளை மற்றவர்கள் சும்மா விடுவார்களா? 'எனக்கும் ஒரு கால் போட்டுக் கொடு' என்று மிரட்டுவார்கள். காது கேட்காத மாதிரி நடிப்பவனும் வருவான்.

ஓய்வுபெற்ற வார்டர்:
தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் தமிழ்நாட்டில் மத்திய சிறைகளில் வேலை பார்த்தவன். எது ஓசியில் கிடைத்தாலும் உள்ளே அது சரக்குதான், பீடி போல. சட்டம் எழுதுபவர்களுக்கு ராத்திரி டியூட்டி தெரியாது. ஒரு பிளாக்குக்கு ஓர் ஆள் நிற்கும்போது, திரை முன்னால் யார் காவல் இருப்பது?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எங்களிடம் வாய் பேசாத, காது கேளாத ஒருவன் இருந்தான். மற்றவர்கள் மனுவில், அதாவது வீட்டார் வந்து பார்க்கும் நேரத்தில், கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்துவார்கள். அவனும் பெண்டாட்டியும் சத்தமே இல்லாமல் பேசுவார்கள். அந்த இரைச்சலில் முழுதாகப் பேசி முடிப்பது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவள் தொலைவிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். 2020இல் கொரோனா வந்து மனு நின்றது. செல்போனில் வீடியோ கால் விட்டார்கள், காது கேளாதவனை நினைத்து யாரும் கொண்டுவந்ததில்லை. ஆனால் அவனுக்குத்தான் அது முதல் போன். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவனுக்கு இரண்டு கையும் வேண்டுமே.

கைப்பேச்சு:
ஐயா, மச்சினன் கதையை விட நீங்கள் சொன்னதுதான் இந்தத் திரிக்குப் பதில்.

ஓய்வுபெற்ற வார்டர்:
பதில் எல்லாம் இல்லை. அன்றைக்கு என்னால் நிற்க முடிந்தது, நின்றேன். தினமும் நிற்க முடியாது. 2025 ஜூலையில், தமிழ்நாட்டுச் சிறைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. உள்ளே வரும்போதே அடையாளம் காண வேண்டும், சிறை விதிகளை சைகை மொழியிலும் புரியவைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல்ல உத்தரவு. சைகை தெரிந்த ஆளை ஒவ்வொரு சிறைக்கும் எங்கிருந்து கொண்டுவருவது?

வெள்ளிக்கிழமை வக்கீல்:
சுவரொட்டிக்கு ஒரு திருத்தம். இலவசம் என்பது ரிலே சேவைக்கு. சைகை தெரிந்த இருவர் நேருக்கு நேர் வீடியோவில் பேசினால் காசு வாங்கலாம், ஆனால் அதே நேரத்துக்கான சாதாரண போன் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. நடிப்பவர்களைப் பொறுத்தவரை, ரிலே வீடியோ சேவைக்குப் பயனாளர் பதிவு கட்டாயம். மிரட்டிப் பிடுங்குவது வேறு. அது எல்லாக் கைதிக்கும் போன் போடத் தரும் பின் நம்பருக்கும் இன்றைக்கே நடக்கிறது. அதற்காக யார் போனையும் யாரும் பிடுங்கவில்லை.

சுவரொட்டி:
சரி, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வீடியோ போன் வைக்கட்டும், அதை எதிர்க்கவில்லை. இலவசம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், 50 பேருக்குக் கீழே இருக்கும் குட்டி ஜெயில்களில்?

கேபிள் குமார்:
அங்கே பெரும்பாலும் பழைய டப்பாதான். சில இடங்களில் அதுவும் அலமாரிக்குள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வக்கீல்:
எஃப்சிசி ஆணையின் வீடியோ பகுதி அங்கே பொருந்தாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும்.

சுவரொட்டி:
அப்படியென்றால் வழக்குப் போட வேண்டியதுதானே?

வெள்ளிக்கிழமை வக்கீல்:
போடலாம். ஆனால் 1996இல் வந்த ஒரு சட்டப்படி, கைதி முதலில் ஜெயிலின் உள்புகார் படிகளை ஒவ்வொன்றாக முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள். புகாரை ஆங்கிலத்தில் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், கெடுவுக்குள். சந்தேகம் இருந்தால் வக்கீலுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.