செம்பு கலந்த நீரிலும் பாசி நன்றாக வளர்கிறதே, ஏன்?

கேள்வி: ராஃபிடோசெலிஸ் நுண்பாசியை வைத்துச் செம்பின் நச்சுத்தன்மையைப் பார்க்கிறேன். 72 மணி நேரம் ஆகியும் செம்பு போட்ட குடுவையும் போடாத குடுவையும் ஒரே பச்சையாக இருக்கின்றன. எங்கே தவறு?

பதில் 1: பாசி வளரும் ஊடகக் கரைசலில் இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிணைக்கும் வேதிப்பொருள்) எவ்வளவு போடுகிறீர்கள்? அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாசியைத் தாக்குவது பெரும்பாலும் தனியாகத் திரியும் செம்பு அயனிதான், அதனால் மொத்தச் செம்பு நிறைய இருந்தாலும் பாசி தப்பித்துவிடும். இ.டி.டி.ஏ.வைக் குறைத்துப் பாருங்கள். முழுவதும் எடுத்துவிட வேண்டாம், பாசிக்குத் தேவையான இரும்பு கரைசலிலிருந்து பிரிந்து படிந்துவிடும்.

பதில் 2: தயவுசெய்து கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்! தினமும் செல்களை எண்ணுங்கள். ஓ.இ.சி.டி. 201 என்ற பாசி நச்சுச் சோதனை முறைப்படி, செம்பு போடாத குடுவையில் 72 மணி நேரத்தில் 16 மடங்காவது பெருகியிருக்க வேண்டும். அப்புறம், கரைசலின் பி.எச். (அமில-காரத் தன்மை) பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்: பார்க்கவில்லை. இ.டி.டி.ஏ.வைக் குறைத்து, பி.எச்.சும் அளந்து திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறேன்.