டிரங்குக்கு மாறிய டீம்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பில்லிங் சிஸ்டம் பார்க்கும் டீம் எங்களுடையது. இப்போது டிரங்க் முறை: தனிப் பிரதிகளில் (பிராஞ்ச்) நாள்கணக்கில் வைத்திருக்காமல், எல்லோரும் தினமும் ஒரே முதன்மைப் பிரதியில் மாற்றங்களைச் சேர்ப்பது (மெர்ஜ்). முன்பு கிட்ஃப்ளோதான்: டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று பிராஞ்ச் மேல் பிராஞ்ச். ரிலீஸுக்கு முந்தைய வாரம் முழுக்க மெர்ஜ் செய்வதிலேயே கழியும். ஒருவர் பெயர் மாற்றிய ஃபங்ஷனை இன்னொருவர் பழைய பெயரிலேயே நாலு இடத்தில் கூப்பிட்டிருப்பார். மாற்றங்களைச் சேர்க்கும் கருவியான கிட், கான்ஃப்ளிக்ட் (மோதல்) எதுவும் காட்டாது, பில்டு உடையும். கிட்ஃப்ளோவை 2010இல் எழுதிப் பரப்பிய வின்சென்ட் டிரீசனே, தொடர்ந்து டெப்ளாய் ஆகும் வெப் ஆப்களுக்கு இன்னும் எளிய முறையைப் பாருங்கள் என்று 2020இல் அந்தக் கட்டுரையின் தலையிலேயே குறிப்பு சேர்த்தார். அதைக் காட்டித்தான் டிரங்குக்கு மாற மேனேஜரைச் சம்மதிக்க வைத்தோம்.

பிராஞ்சை விட்டது சுலபம். பாடாய்ப் படுத்தியது சிஐதான், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக டெஸ்ட் ஓட்டும் அமைப்பு. டெஸ்ட் ஓடி முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, தினமும் மெர்ஜ் பண்ணு என்றால் யார் பண்ணுவார்கள்? ஒரு தடவை பாஸ், மறு தடவை ஃபெயில் என்று ஆட்டம் காட்டிய டெஸ்ட்களை முதலில் தனியே ஒதுக்கினோம். காலையில் வந்ததும் காத்திருக்கும் ரிவ்யூக்களை முடிப்பதே முதல் வேலை என்றும் ஆக்கினோம். சீனியர்களோடு சண்டை போட்டுத்தான்.

டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்ற வேண்டி வந்தது. முன்பென்றால் எல்லாவற்றையும் ஒரே பிராஞ்சில் மாற்றிவிட்டு ரிலீஸ் இரவில் சாமியைக் கும்பிட்டிருப்போம். இப்போது புது ஃபீல்டைச் சேர்க்க ஒரு மெர்ஜ், இரண்டிலும் எழுத ஒன்று, பழைய பதிவுகளை நிரப்ப ஒன்று, புதியதிலிருந்து படிக்க ஒன்று, அப்புறம் பழையதை நீக்க ஒன்று. வேலை கூடுதல்தான். ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் பில் சரியாகப் போகும்.

*

ஃபிளாக் (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) பற்றிப் பேச்சே இல்லையே! முடியாத வேலையை டிரங்கில் சேர்க்க ஃபிளாக் வேண்டும், சரி. பிறகு அதைக் கழற்றுவது யார்? அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைப் படியுங்கள். எப்போதோ கைவிட்ட புரோகிராமை இயக்கிய ஃபிளாக்கையே புது வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புது புரோகிராம் போகவில்லை. அங்கே பழையது விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எங்கள் டீமில் ஃபிளாக் சேர்க்கிறவரே அதை நீக்கும் டிக்கெட்டையும் அப்போதே போட்டாக வேண்டும்.

*

நாங்கள் மொபைல் ஆப். யூசர் போனில் ஏறிவிட்ட வெர்ஷனைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் ரிலீஸ் பிராஞ்ச் இன்னும் உண்டு. ஆனால் அதில் நேராகக் கமிட் செய்யக் கூடாது. ஃபிக்ஸ் டிரங்கில், அங்கிருந்து செரி பிக், அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து ரிலீஸ் பிராஞ்சில் போடுவது. அவசரத்தில் ரிலீஸில் மட்டும் திருத்திவிட்டு டிரங்கை மறந்தால் அடுத்த வெர்ஷனில் அதே பக் திரும்ப வரும், சப்போர்ட்காரர்கள் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.