வீட்டிலேயே பாட்டும் தாளமும்: எட்டு வயசுக்கும் ஆறு வயசுக்கும் என்ன விளையாட்டு வைக்கலாம்?

மாடிவீட்டம்மா:
எல்லாருக்கும் வணக்கம். அவருக்கு நடுவருஷத்துல ஓசூருக்கு மாற்றல் வந்துடுச்சு. ஜூன்ல புதுப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வரைக்கும் ரெண்டு பிள்ளைகளும் வீட்டுலதான் படிக்குதுங்க. பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு ஆறு. கணக்கு, தமிழ் எல்லாம் நானே ஒப்பேத்திடறேன். பாட்டுதான் இடிக்குது.

பெரியவளை ஆன்லைன் வகுப்பு ஒண்ணுல சேர்த்தேன். மூணு மாசமா ஆரம்பப் பாடமான சரளி வரிசைதான். இருபது பிள்ளைங்க, எல்லாரும் மைக்கை அணைச்சுட்டுப் பாடணுமாம். அவ பாடுறாளா கொட்டாவி விடுறாளான்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்? இப்ப நாலு மணி ஆனா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறா. போன வாரம் குனிஞ்சு பார்த்தா ஒரு கை மட்டும் வெளிய வந்து "வயித்து வலி"ன்னு சைகை காட்டுது. சின்னவன் இன்னொரு ரகம். ஸ்கேலும் கையுமா கதவு, பீரோ, தாத்தா முதுகுன்னு கண்டதையும் தட்டுறான்.

வாத்தியம் வாங்க இப்போதைக்கு வசதியில்லை. கைபேசியில சுருதிப்பெட்டி ஆப் இருக்கு. எனக்கு ஆதி தாளம் போடத் தெரியும், அதுக்கு மேல சுத்தம். ஏதாச்சும் சொல்லுங்களேன்.

ஓய்வு வாத்தியார்:
அம்மா, தட்டுற பையன் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். ஸ்கேலைப் பிடுங்காதீங்க. காய்கறிக் கூடையை நடுக்கூடத்துல வைங்க.

ஒவ்வொரு காயா எடுத்து, பேரைச் சொல்லிக்கிட்டே ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. பூண்டு: ரெண்டு தட்டு, அது 'தக'. தக்காளி: மூணு, 'தகிட'. கத்திரிக்காய்: நாலு, 'தகதிமி'. கறிவேப்பிலை: அஞ்சு, 'தகதகிட'. மிருதங்கம் கத்துக்கிற பிள்ளை வாயால சொல்லிப் பழகுற சொல்லுகள்தான் இதெல்லாம். தக்காளியையும் கத்திரிக்காயையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு நிறுத்தாம திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. மூணும் நாலும் ஏழு, ஏழு ஏழா நடக்கிற மிஸ்ர நடை வந்துடுச்சு. பேரை அப்புறம் சொல்லிக்கலாம், முதல்ல கை பழகட்டும்.

உங்களுக்கு ஆதி தாளம் தெரியும்னீங்க. சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒண்ணு வாங்கி வைங்க. 'சர்க்' தட்டு, 'க' சுண்டு விரல், 'ரை' மோதிர விரல், 'வள்' நடு விரல், 'ளிக்' தட்டு, 'கி' வீச்சு (கையைத் திருப்பிப் போடுறது), 'ழங்' தட்டு, 'கு' வீச்சு. எட்டு அட்சரம், ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு சுத்து, கச்சிதமா முடிஞ்சுடும். நான் வகுப்புல இதைச் செய்தப்போ கிழங்கை அவிச்சும் கொடுத்துடுவேன். அதுக்காகவே தாளம் போட்ட பசங்க உண்டு.

ஷார்ஜா அப்பா:
வாத்தியார் சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா எண்ண ஆரம்பிச்சா அதுவும் கணக்கு வகுப்பு மாதிரி ஆயிடாதா? எங்க வீட்டுல காது விளையாட்டுதான். ஆப்ல சுருதியை வச்சுட்டு, குக்கர் விசில் அடிப்படை ஸ்வரமான 'ச'வுக்கு மேலயா கீழயான்னு பந்தயம். மிக்ஸி, கதவு மணி, லிஃப்ட் எதையும் விடறதில்லை. விடை யாருக்கும் தெரியாது, அப்பா உட்பட. ரெண்டு மாசத்துல பொண்ணு சுருதியில நின்னு பாட ஆரம்பிச்சா.

இன்னொண்ணு. முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்துல கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதியிருக்கார், நோட்டு ஸ்வரம்னு சொல்வாங்க. அதுல 'ஷ்யாமளே மீனாக்ஷி'யைப் போட்டுக் காட்டுங்க. நர்சரியில பாடின நட்சத்திரப் பாட்டு மெட்டுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுக் கத்தும். ஸ்வரத்தை அசைச்சுப் பாடுற கமகம் கிடையாது, நேர் ஸ்வரம்தான், அதனால சின்ன வாய்க்கும் வரும்.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, எண்ணச் சொல்லவே இல்லையே. தட்டச் சொன்னேன். எண்ணுறது நாம, பிள்ளை தக்காளியைத்தான் பார்க்கும்.

கிண்ணம் உடைச்சவள்:
மாடிவீட்டம்மா, பெரியவளுக்கு ஜலதரங்கம் வச்சுப் பாருங்க, தண்ணி ஊத்தின கிண்ணங்களைத் தட்டி வாசிக்கிறது. பீங்கான் கிண்ணம் அஞ்சு போதும். ஒரே அளவா இருக்க வேணாம், பெருசும் சின்னதுமா இருந்தாத்தான் ஸ்வரம் எட்டும். தண்ணி கூட்டினா சத்தம் இறங்கும், எடுத்தா ஏறும். சுருதியைப் போட்டுட்டு மோகன ராகத்துக்கு ச ரி க ப த கூட்டிக்கோங்க. மோகனம் ஏன்னா, எந்தக் கிண்ணத்தை எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. ஸ்பூனால தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டு ஸ்வரத்தைப் பிடிக்கிறதுலயே ஒரு மத்தியானம் ஓடிடும். கத்துக்கிறதே அந்த இடத்துலதான்.

அப்புறம் ஒரு காலி பாட்டிலைக் கொடுத்து வாயில ஊதச் சொல்லுங்க. இங்க தலைகீழ்: தண்ணி கூடினா சத்தம் ஏறும்! கிண்ணத்துல அதிர்றது கிண்ணத்தோட சுவர், தண்ணி பாரம் ஏத்தி மெதுவாக்குது. பாட்டில்ல அதிர்றது உள்ள இருக்கிற காத்து, தண்ணி கூடக்கூட அதுக்கு இடம் குறையுது. என் பையன் இதை நம்பாம நாலு பாட்டில் மாத்தி ஊதிப் பார்த்தான்.

தட்டுறதுக்கு பென்சில் கொடுங்க. இரும்புக் கரண்டி கொடுத்து என் மாமியாரோட டீ செட்ல ரெண்டு போச்சு. பேரைப் பார்த்தீங்கல்ல.

மாடிவீட்டம்மா:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. ஆன்லைன் வகுப்பை நிறுத்திட்டேன். பெரியவ கிண்ணத்தோடயே இருக்கா. 'க' மட்டும் சரியா நிக்க மாட்டேங்குது, சாயங்காலத்துக்குள்ள தண்ணி ஆவியாகி சுருதி ஏறுதுன்னு அவளே காரணம் சொல்றா. உண்மையோ இல்ல தம்பி குடிக்கிறானோ தெரியல.

சின்னவன்தான் ஆச்சரியம். வெங்காயம் 'தகிட', சரி. ஆனா சின்ன வெங்காயத்துக்கு அஞ்சு தட்டு, பெரிய வெங்காயத்துக்கு ஆறு தட்டு, அதனால சின்னதுதான் வேகமா ஓடும்னு தாத்தாகிட்ட வாதம். வாத்தியார் சார், அதுக்கு என்ன பதில் சொல்றது?

நேத்து காலையில தெருவுல வெங்காய ஆட்டோ ஒலிபெருக்கியோட வந்துச்சு. இவன் வாசல்படியில உட்கார்ந்து தொடையில தட்ட ஆரம்பிச்சான். நா-லு-கி-லோ-நூ-று-ரூ-பா. எட்டு! வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் விடல. வீச்சு மட்டும் ரெண்டு தடவை தப்பா விழுந்துச்சு. நாலு கிலோ வாங்கிட்டேன், வேற வழியில்ல.